சலவைக்கு 15 டாலர்

ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணம் மாறும்போது அதற்கு நாம் இட்டு வழங்கும் பெயர்கள் பல. கொடை, பரிசில், கூலி, ஊதியம், உதவி, கைம்மாறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பணம் ஒன்றுதான், ஆயினும் பெயர் மாறினால் உறவு மாறிவிடுகிறது. கூலி என்று சொல்லிவிட்டால் கொடுப்பவருக்கும் கடமை உண்டு. வேலையின்போது கை முறிந்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்று பெறுபவர் கேட்க முடியும். உதவி என்று சொல்லிவிட்டாலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை. பெற்றவர் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்களுக்குக் கிடைக்கும் 'ஸ்காலர்ஷிப்' பற்றி நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். நன்றாகப் பந்து எறியத் தெரிந்தால் போதும், நான்கு ஆண்டுகள் செலவில்லாமல் படித்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை அவ்வளவு எளிதானதன்று. அந்தப் பணம் உதவியா கூலியா என்ற வழக்கு அங்கே 100 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அதன் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஏரியில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி 1852 ஆகஸ்டு 3 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசாக்கி ஏரியில் நடந்த படகுப் போட்டி. மோதியவை ஹார்வர்டும் யேலும். செலவை ஏற்றதோ இரண்டு கல்லூரிகளும் அல்ல, ஒரு ரயில் நிறுவனம்! ஏரிக்கரைக்குப் புதிதாகப் பாதை போட்டிருந்த அந்த நிறுவனத்துக்குப் பயணிகள் வேண்டியிருந்தது. மாணவர்களுக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் உணவும் இலவசம். போட்டியைக் காண வந்த கூட்டம் ரயில் சீட்டு வாங்கியது. ஆக, விளையாடும் மாணவனுக்கு வெளியார் செலவழிப்பதும், அவனைக் காட்டிப் பணம் ஈட்டுவதும் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டன.

1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தை அமெரிக்கக் கால்பந்தின் முதல் கல்லூரிப் போட்டியாகக் கொள்வது வழக்கம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இன்றைய ஆட்டம் பிறகு மெல்ல உருவானது. நூற்றாண்டு முடிவதற்குள் அது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. கூட்டம் பணத்தைக் கொண்டுவந்தது. பணம் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடியது. 1904-இல் யேல் அணியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோகனுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. சிறந்த விடுதியில் அறை. கியூபாவுக்கு ஓர் உல்லாசப் பயணம். போதாக்குறைக்கு அந்நகரில் விற்கும் சிகரெட்டுகளுக்குத் தரகுத்தொகை வேறு! இவையெல்லாம் மறுஆண்டே பத்திரிகையில் வெளியாகி ஊரெங்கும் பேச்சாயின.

அதே 1905-இல் ஆடுகளச் சாவுகள் பெருகவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்ச்சியாக 1906-இல் பிறந்த அமைப்பே 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்று வழங்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். விளையாட்டுத் திறனுக்காக மாணவனுக்குப் பணமோ சலுகையோ தரலாகாது என்று அதன் தொடக்க விதிகள் கூறின. விதி நல்ல விதிதான். அதைக் கடைப்பிடிக்க வைக்கும் அதிகாரம் மட்டும் அமைப்புக்கு இல்லை.

விளைவு என்ன? 1929 அக்டோபரில் கார்னெகி அறக்கட்டளை பெரிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. 100-க்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் கல்லூரிகள் ஏதேனும் ஒரு வடிவில் ஆட்டக்காரர்களுக்குச் சலுகை தந்துவந்தது தெரியவந்தது. முன்னாள் மாணவர்கள் திரட்டிய இரகசிய நிதி, செய்யாத வேலைக்குச் சம்பளம் என்று வழிகள் பலவாறாக இருந்தன. அறிக்கை வெளியான அதே வாரத்தில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. நாட்டுக்கு வேறு கவலைகள் வந்துவிட்டன.

வெளிப்படையும் மறைவும்

1935-இல் தென்கிழக்குக் கூட்டமைப்பு என்னும் தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் குழு, விளையாட்டுக்காக உதவித்தொகை தருவோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. ஒளித்துச் செய்வதை ஒளிக்காமல் செய்வோம் என்பது அவர்கள் வாதம். வடபகுதிக் கல்லூரிகள் முகம் சுளித்தன.

அதே 1935-ஆம் ஆண்டு மே 25 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து, நான்காவது ஒன்றைச் சமன் செய்தார். அவர்தாம் ஜெஸ்ஸி ஓவன்ஸ். மறுஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றவர். அவருக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை எதுவும் கிடையாது. கறுப்பினத்தவர் என்பதால் வளாக விடுதியிலும் இடமில்லை. மாநில அரசு மாளிகையில் சரக்கு மின்தூக்கி இயக்கும் இரவு வேலை பார்த்துத்தான் படித்தார். தென்கிழக்குக் கூட்டமைப்பின் வெளிப்படையான உதவித்தொகையும் வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ் அக்கூட்டமைப்பின் கூடைப்பந்து முதன்மை அணியில் உதவித்தொகை பெற்று ஆடிய முதல் கறுப்பின வீரரானது 1967-இல்தான். கதவு திறந்தது என்று நாம் எழுதும்போது, யாருக்குத் திறந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் என்.சி.ஏ.ஏ. மீண்டும் ஒரு முயற்சி செய்தது. 1948-இல் அது கொண்டுவந்த விதித்தொகுப்புக்கு 'நிதான விதி' என்றே பொருள்படும் பெயர். பொருளாதாரத் தேவை உள்ள மாணவனுக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் தரலாம். உணவும் உறையுளும் அவன் உழைத்துத் தேடிக்கொள்ள வேண்டும். விளையாடுவதை நிறுத்திவிட்டான் என்பதற்காகத் தந்த உதவியைப் பறிக்கக்கூடாது. கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏழு கல்லூரிகள் இந்த விதிக்குப் பணிய மறுத்தன. வர்ஜீனியா பல்கலைக்கழகத் தலைவர் கோல்கேட் டார்டன், ஆட்டமும் பயிற்சியும் படிப்பும் போக வேலை பார்க்க மாணவனுக்கு நேரம் ஏது என்று வெளிப்படையாகவே வாதிட்டார். 1950-இல் அந்த எழுவரையும் வெளியேற்றும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 111, எதிர்ப்பு 93. பெரும்பான்மை கிடைத்தும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. தீர்மானம் தோற்றது, மறுஆண்டே நிதான விதியும் மறைந்தது.

ஒரு மனைவியின் வழக்கு

1951-இல் என்.சி.ஏ.ஏ.வின் முதல் முழுநேர நிர்வாக இயக்குநராக வால்டர் பையர்ஸ் பொறுப்பேற்றார். அவர் காலத்தில்தான், 1956-இல், இன்று நாம் அறியும் முழு உதவித்தொகை உருவெடுத்தது. பொருளாதாரத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டத்திறன் ஒன்றையே கருதி, படிப்புக் கட்டணம், அறை, உணவு, பாடநூல் ஆகியவற்றை நாடெங்கும் கல்லூரிகள் தரலாம் என்றானது. அவற்றோடு சலவைச் செலவுக்கு மாதம் 15 டாலர்! கையில் ரொக்கமாகக் கிடைத்தது அந்தச் சலவைக் காசு ஒன்றுதான். பின்னர் 1970-களில் அதுவும் நிறுத்தப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு இணையாக இன்னொரு கதை கொலராடோ மாநில நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. டென்வர் பல்கலைக்கழக ஆட்டக்காரர் எர்னஸ்ட் நெமத் 1950-இல் பயிற்சியின்போது காயமுற்றார். வளாகத்து டென்னிஸ் ஆடுகளங்களைப் பராமரிக்க அவருக்கு மாதம் 50 டாலர் தரப்பட்டுவந்தது. அந்த வேலை கிடைத்ததே கால்பந்து ஆடுவதால்தான்; ஆகவே இது பணியின்போது நேர்ந்த காயம் என்று 1953-இல் மாநில உச்சநீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது.

கல்லூரிகள் திகைத்துப்போயின. உதவித்தொகை ஊதியமென்றால் ஆடுகளத்தில் முறியும் ஒவ்வோர் எலும்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவருமே!

1955 செப்டம்பரில் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துவந்த அவரை ஆட்டத்துக்காகவே பயிற்சியாளர் கல்லூரிக்கு அழைத்திருந்தார். கல்லூரியிலேயே வேலையும் கட்டணச் சலுகையும் கிடைத்தன. அவருக்குக் குடும்பம் இருந்தது. பணியின்போது இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டம் தரும் இழப்பீட்டை அவர் மனைவி கோரினார். கீழ்நிலையில் வென்ற வழக்கு 1957-இல் மாநில உச்சநீதிமன்றத்தில் தோற்றது. கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை. அவர் பெற்ற சலுகைகள் ஆடுவதற்கான ஒப்பந்தமாகா. எனவே அவர் பணியாளர் அல்லர் என்றது தீர்ப்பு.

இக்காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. ஒரு சொல்லைப் புனைந்து எங்கும் வழங்கச் செய்தது: 'ஸ்டூடண்ட்-அத்லெட்', அதாவது மாணவ விளையாட்டாளர். வீரர்கள் பணியாளர்களாகக் கருதப்பட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தினாலேயே அச்சொல்லைக் கட்டாயமாக்கினோம் என்று பையர்ஸ் தம் ஓய்வுக்குப்பின், 1995-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தாம் கட்டிய மாளிகையின் மேல் தாமே வழக்குத் தொடுப்பதுபோல, வீரர்கள் சுரண்டப்படுகிறார்கள் என்று அந்நூலில் வாதிட்டவரும் அவரே. மொழி பயில்வோர் மறக்கக்கூடாத செய்தி இது. வெறும் அடைமொழிபோல் காணப்படும் ஒரு சொல், கைம்பெண் ஒருவரின் கோரிக்கைக்கு எதிரே எழுப்பப்பட்ட மதிலாகவும் இருக்கமுடியும்.

நான்காண்டு ஓராண்டாயிற்று

நிதான விதியின் கடைசி வாக்கியத்தை இப்போது நினைவுகூர்வோம். ஆடாவிட்டாலும் உதவியைப் பறிக்கலாகாது என்றது அது. 1973-இல் என்.சி.ஏ.ஏ. உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒன்றாக மாற்றியது. அதன்பின் பயிற்சியாளருக்கு ஆட்டம் பிடிக்காவிட்டாலும், காயத்தால் ஆடமுடியாவிட்டாலும், அடுத்த ஆண்டுக்கு உதவி புதுப்பிக்கப்படாமல் போகலாம். பெயர் உதவி, இயல்போ ஓராண்டு ஒப்பந்தக் கூலி! பலவாண்டு உதவித்தொகை தருவதற்கு மீண்டும் அனுமதி கிடைக்க 2012 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

எல்லா வீரர்க்கும் முழுத்தொகை கிடைத்ததுமில்லை. முதல் பிரிவில் கால்பந்துக்கு 85 பேர், ஆடவர் கூடைப்பந்துக்கு 13 பேர் என்று தலைக்கணக்கு வைத்து முழு உதவி தரப்பட்டது. மற்ற பல ஆட்டங்களில் மொத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பேஸ்பால் அணிக்கு 11.7 உதவித்தொகைகள், அதை 27 பேர் வரை பிரித்துக்கொள்ளலாம். தசமப் புள்ளியில் அளந்து கொடுத்த உதவி! 1973-இல் பிரிவுகள் அமைந்தபோது உருவான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி கூட்டமைப்பின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் தருவதில்லை. குடும்ப வருவாயைப் பார்த்து எல்லா மாணவர்க்கும் தரும் உதவியே அங்கே வீரர்க்கும் உரியது.

படிப்பு வேண்டாமா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. 1983-இல் நிறைவேறி 1986-இல் நடைமுறைக்கு வந்த விதியொன்று, நுழைவுத்தேர்வில் 700 மதிப்பெண்ணும் பள்ளிப் பாடங்களில் குறிப்பிட்ட தகுதியும் வேண்டும் என்றது. 1989-இல், அத்தகுதியில் ஒரு பகுதியை மட்டும் எட்டியவர்களுக்கு முதலாண்டு உதவித்தொகையே கூடாதென்று மேலும் ஒரு விதி வந்தது. ஏழைக் கறுப்பின மாணவர்களைத்தான் இது முதலில் வெளியே தள்ளும் என்று பலர் எதிர்த்தனர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், அவ்வாண்டு ஜனவரி 14 அன்று ஆட்டம் தொடங்கும் முன் களத்தைவிட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினார். அடுத்த ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. உதவித்தொகையை எவ்வளவு குறை கூறினாலும், வேறு வழியில்லாத ஓர் இளைஞனுக்குக் கல்லூரி வாசலைக் காட்டியது அதுதான் என்ற உண்மையைத் தாம்சனின் அந்த வெளிநடப்பு நமக்கு உணர்த்துகிறது.

பெண்களின் பங்கு

பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்த 1971-இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு உருவானது. ஆடவர் விளையாட்டின் சந்தைப் போக்கு தங்களைத் தீண்டக்கூடாது என்று கருதிய அதன் தலைவியர், உதவித்தொகையையே தடை செய்தனர். உதவித்தொகை பெறும் மாணவியர் அமைப்பின் போட்டிகளில் ஆட முடியாது. ஃபுளோரிடாவின் டென்னிஸ் வீராங்கனைகள் சிலர் 1973-இல் வழக்குத் தொடுத்தனர், தடை விலகியது. கொள்கைத் தூய்மையின் விலையைக் கொடுத்தவர்கள் கொள்கை வகுத்தவர்கள் அல்லர். ஆட வந்த மாணவியர்!

இதனிடையே 1972 ஜூன் 23 அன்று, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டப்பிரிவு கையெழுத்தானது. 'டைட்டில் நைன்' என்று அது வழங்கும். அதன்கீழ் 1975-இல் வந்த விதிகள், விளையாடும் மாணவியரின் எண்ணிக்கைக்கேற்ற விகிதத்தில் உதவித்தொகையும் தரப்படவேண்டும் என்றன. அதற்கு முந்தைய ஆண்டே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் கூடைப்பந்து வீராங்கனை ஆன் மேயர்ஸுக்கு முழு உதவித்தொகை அளித்திருந்தது. அங்கே அத்தொகையைப் பெற்ற முதல் பெண் அவரே.

பசித்திருந்த வெற்றி வீரர்

1984-இல் உச்சநீதிமன்றம் தொலைக்காட்சி உரிமத்தின் மீது என்.சி.ஏ.ஏ. கொண்டிருந்த தனியாதிக்கத்தை உடைத்தது. கூட்டமைப்புகள் தாமே பேரம் பேசின. வருமானம் மலைபோல் வளர்ந்தது. வீரரின் உதவித்தொகையோ பழைய வரையறையிலேயே நின்றது. உண்மையான படிப்புச் செலவுக்கும் 'முழு' உதவித்தொகைக்கும் இடையே ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் துண்டு விழுந்தது. 2014-இல் தேசியக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடுதான் படுக்கிறேன் என்னும் பொருளில் செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த மாதமே உணவுக்கான கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பல ஆண்டுகள் மனு எழுதி நடக்காதது, பட்டம் வென்றவன் பசி என்றதும் நடந்தது.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. தம் உருவம் கணினி விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்ட முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009-இல் தொடுத்த வழக்கில் 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கென் வீரர் பக்கம் தீர்ப்பளித்தார். 2015 ஜனவரியில் பெரிய ஐந்து கூட்டமைப்புகள், பயணம், கைச்செலவு உள்ளிட்ட முழுப் படிப்புச் செலவையும் ஏற்க 79-க்கு 1 என்ற வாக்கில் முடிவு செய்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்சநீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு விதிப்பது சட்டவிரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறுமாதம் முதல் வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி வில்கென் ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி, முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை. 2025-26 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம். உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் 85, 13, 11.7 என்ற பழைய உதவித்தொகை எண்கள் மறைந்து, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பே எஞ்சியது.

சலவைக் காசு 15 டாலரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தபின்னும் பழைய கேள்விக்கு முடிவான விடை வரவில்லை. தருவது வருவாய்ப் பங்கு. வீரர் பணியாளர் என்பதைக் கல்லூரிகள் ஏற்கவில்லை. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கல்லூரி வீரர்கள் ஊதியச் சட்டத்தின்கீழ் பணியாளர்களாகக் கருதப்படக்கூடும் என்றது. கூடும் என்பதோடு நின்றது. நிலுவைத்தொகையின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆடவர் கூடைப்பந்துக்குமே போகிறது என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தனர். வருமானம் தராத நீச்சலும் மல்யுத்தமும் இனி எப்படிப் பிழைக்கும் என்ற கவலையும் பெருகியிருக்கிறது.

விளையாட்டு உதவித்தொகையைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் படித்துப் பட்டம் பெற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் எண்ணற்றோர். அதே வேளையில் அதை வெறும் கொடை என்று புகழவும் இயலவில்லை. கொடுத்தவன் கணக்குப் பார்த்துக் கொடுத்தான்; ஆண்டுதோறும் புதுப்பித்தான்; வேண்டாதபோது நிறுத்தினான். கொடைக்கு இலக்கணம் அதுவன்று. கொலராடோவில் 1957-இல் தோற்றுத் திரும்பிய அந்தப் பெண்மணி கேட்டதும் கொடையன்று. தம் கணவர் எதற்காக அந்தக் களத்தில் நின்றார் என்பதற்கு ஒரு நேர்மையான பெயரைத்தான் அவர் கேட்டார். கோடிக்கணக்கான டாலர் கைமாறும் இன்றும் அந்தப் பெயரைச் சொல்ல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வாய் வரவில்லை.